√2 முடியாத கணக்கா, முடிந்த எண்ணா? தரம் 9 பிள்ளைக்கு விளக்குவது எப்படி?

கொக்குவில் அம்மா

அனைவருக்கும் வணக்கம். என் மகன் தரம் 9 இல் படிக்கிறான். பைதகரசின் தொடர்பு வரும்வரை கணிதத்தில் அவனுக்குப் பெரிய இடர்ப்பாடு எதுவும் இருக்கவில்லை. பக்கங்கள் 3, 4 என்றால் செம்பக்கம் (செங்கோணத்துக்கு எதிரேயுள்ள பக்கம்) 5 என்றும், பக்கங்கள் 5, 12 என்றால் செம்பக்கம் 13 என்றும் விரைவாகவே செய்துவிடுவான். ஆனால் இரண்டு பக்கங்களும் 1 சென்ரிமீற்றராக உள்ள செங்கோண முக்கோணி வந்ததும், √2 என்று எழுதிவிட்டு அப்படியே நின்றுவிடுகிறான். விடை இன்னும் வரவில்லை என்பதே அவனுடைய எண்ணம். கணிகருவியில் தட்டி 1.41421356 என்று பார்த்தபின் 1.41 என்று எழுதுகிறான், பிறகு, "1.41 ஐ 1.41 ஆல் பெருக்கினால் 2 வரவில்லையே, அப்படியென்றால் என் விடை பிழையா?" என்று என்னிடம் கேட்கிறான்.

எனக்கு இரண்டு விடயங்களை அறிய வேண்டியுள்ளது. √2 என்று விடையை நிறுத்துவது சரியா? √9 முடிந்துவிடும்போது √2 மட்டும் ஏன் முடிவதில்லை என்பதை இந்த வயதுப் பிள்ளைக்கு நம்பத்தக்க முறையில் சொல்ல முடியுமா? "அது அப்படித்தான்" என்று சொல்லி அவனை அடக்க எனக்கு விருப்பமில்லை.

கரவெட்டி ஆசிரியை

அம்மா, உங்கள் மகன் கேட்டிருப்பது மிகவும் தரமான கேள்வி. 1.41 ஐ வர்க்கித்துச் சரிபார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறதே, அதுவே பாதிக் கணிதம்.

இந்தத் தடுமாற்றம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தரம் 8 இல் 36, 144, 225 போன்ற நிறைவர்க்க எண்களை முதன்மைக் காரணிகளாகப் பிரித்து, சோடி சோடியாக எடுத்து வர்க்கமூலம் காணப் பிள்ளைகள் பழகுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு முழு எண் கைக்கு வந்துவிடுவதால், √ என்ற குறியீட்டை ஒரு கட்டளையாகவே அவர்கள் மனதில் பதித்துக்கொள்கிறார்கள். அடுத்த ஆண்டே பைதகரசு √2 ஐயும் √5 ஐயும் கொண்டுவந்து முன்னால் நிறுத்துகிறார். விகிதமுறா எண்கள் (பின்னமாக எழுத முடியாதவை), சேடுகள் (√2 போல √ குறியீட்டோடு எழுதும் விகிதமுறா எண்கள்) என்ற பெயர்களோடு அவற்றை ஒழுங்காகப் படிப்பது தரம் 11 இல் மெய்யெண்கள் என்ற பாடம் வரும்போதுதான். இடைப்பட்ட காலம் முழுவதும் பிள்ளை அவற்றை முடிக்கப்படாத கணக்குகளாகவே சுமந்து திரிகிறது.

ஆகவே தசமத்துக்குப் போக முன்னர், அந்த நீளத்தைக் கண்ணுக்குக் காட்டிவிடுங்கள். சதுரக்கோட்டுத் தாளில் 2 சென்ரிமீற்றர் பக்கமுள்ள ஒரு சதுரத்தை வரையச் சொல்லுங்கள். அதன் பரப்பளவு 4 சதுர சென்ரிமீற்றர். நான்கு பக்கங்களின் நடுப்புள்ளிகளையும் வரிசையாக இணைத்தால் உள்ளே சாய்ந்தபடி இன்னொரு சதுரம் கிடைக்கும். வெளிச் சதுரத்தின் நான்கு மூலைகளையும் உள்நோக்கி மடித்தால் அவை உள்ளேயுள்ள சதுரத்தைச் சரியாக மூடிவிடும். எனவே உட்சதுரத்தின் பரப்பளவு 4 இன் பாதி, அதாவது 2 சதுர சென்ரிமீற்றர். அப்படியானால் அதன் பக்கம் என்ன? தன்னைத் தன்னால் பெருக்க 2 வரும் நீளம். அந்த நீளம் தாளில் முழுமையாக, தொடக்கமும் முடிவும் உள்ளதாகக் கிடக்கிறது. √2 என்பது அதற்கு நாம் வைத்த பெயர். பெயரை எழுதியதும் விடை எழுதியாயிற்று.

இதன் பின்னர் தசமத்துக்கு வாருங்கள். 1.41 இன் வர்க்கம் 1.9881; 1.414 இன் வர்க்கம் 1.999396, 1.4142 இன் வர்க்கம் 1.99996164. மேலும் மேலும் 2 ஐ நெருங்குகிறோம், ஆனால் எட்டவில்லை. ஏன் ஒருபோதும் எட்டாது என்பதைத் தரம் 9 பிள்ளை தானே கண்டுபிடிக்கலாம். தசமம் எங்கோ ஓரிடத்தில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் கடைசி இலக்கம் 1 இலிருந்து 9 வரையான ஒன்றாகவே இருக்கும். அந்த ஒன்பது இலக்கங்களின் வர்க்கங்களும் முறையே 1, 4, 9, 6, 5, 6, 9, 4, 1 என்றே முடிகின்றன. எதுவும் 0 இல் முடியவில்லை. எனவே முடிவுறும் தசமம் ஒன்றை வர்க்கித்தால் தசமப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் இலக்கங்கள் மறைந்து, வெறும் 2 என்று வருவதற்கு வழியே இல்லை.

கோண்டாவில் தந்தை

ஆசிரியையின் விளக்கம் நன்றாக இருக்கிறது. இருந்தாலும் மாற்றுக் கருத்து ஒன்றைப் பணிவோடு முன்வைக்கிறேன். நான் கட்டட வேலைகளை மேற்பார்வை செய்பவன். பத்தடிக்குப் பத்தடி அறைக்கு அத்திவாரம் வெட்டும்போது எங்கள் மேசன்மார் மூலைவிட்டம் பிடித்துப் பார்ப்பார்கள். 14 அடி 1¾ அங்குலத்துக்குக் கிட்ட இரண்டு மூலைவிட்டங்களும் ஒத்து வந்தால் அறை சதுரம். அதற்கு மேல் எந்தத் துல்லியமும் தேவைப்பட்டதில்லை. பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பாடச்சுமை அதிகம். அண்ணளவான பெறுமானம் ஒன்றைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, இந்த எண் பின்னமா இல்லையா என்ற ஆராய்ச்சியைப் பெரிய வகுப்புக்கு விட்டுவிடுவதில் என்ன குறை?

சுன்னாகம் நில அளவையாளர்

அண்ணா, அத்திவாரத்துக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். காணிக்கு வந்தால் நிலைமை வேறு; அதுவும் நம்மூர் அளவையிலேயே விகிதமுறா எண் ஒளிந்திருக்கிறது.

ஒரு பேர்ச் என்பது பதினாறரை அடிப் பக்கமுள்ள சதுரத்தின் பரப்பளவு; 16.5 ஐ 16.5 ஆல் பெருக்க 272.25 சதுர அடி. நம்முடைய ஒரு பரப்பு என்பது 10 பேர்ச், அதாவது 2722.5 சதுர அடி. ஒரு பரப்புக் காணி சரியான சதுரமாக இருந்தால் அதன் பக்கம் எத்தனை அடி? 16.5 ஐ √10 ஆல் பெருக்க வேண்டும். விடை 52.1775... என்று போய்க்கொண்டே இருக்கும். நான்கு பரப்பை எடுத்தாலும் பக்கம் இரு மடங்காகுமே தவிர √10 விலகாது. பத்துப் பரப்பு என்று வந்தால் மட்டும் 100 பேர்ச். √100 என்பது 10. பக்கம் சரியாக 165 அடி. அதேபோல இரண்டரைப் பரப்பு என்றால் 25 பேர்ச், பக்கம் 82.5 அடி. எந்த அளவுக் காணிக்குப் பக்கம் சரியாக வரும், எதற்கு வராது என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். நிறைவர்க்கம் என்ற கருத்து அவர்களுக்குத் தானாகவே விளங்கிவிடும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அண்ணளவான பெறுமானத்தைத் தொடக்கத்திலேயே போட்டுவிட்டால் என்ன நடக்கும்? √10 ஐ 3.2 என்று எடுத்தால் பக்கம் 52.8 அடி; அந்தச் சதுரத்தின் பரப்பளவு 2787.84 சதுர அடி. ஒரு பரப்பிலேயே 65 சதுர அடிக்கு மேல், ஏறத்தாழக் கால் பேர்ச், அயலவருடைய காணிக்குள் போய்விட்டது. 3.16 என்று எடுத்தால் நான்கு சதுர அடிக்குச் சற்றுக் குறைவாக நட்டம் வரும். இன்று யாழ்ப்பாணத்தில் காணி விற்கும் விலைக்குக் கால் பேர்ச்சை யாரும் விட்டுக்கொடுக்கமாட்டார்கள். √10 என்றே கடைசி வரி வரையும் வைத்திருந்து, நாடா பிடிக்கும் வேளையில் மட்டும் தேவையான அளவுக்கு மட்டந்தட்டுவதே, அதாவது கிட்டிய பெறுமானமாக்குவதே, எங்கள் தொழிலில் முறை. எவ்வளவு மட்டந்தட்டலாம் என்பதைத் தீர்மானிப்பதற்கும், மட்டந்தட்டப்படாத எண் எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

வட்டுக்கோட்டை ஓய்வுநிலை ஆசிரியர்

தம்பி எடுத்துக்காட்டிய √10 மிகவும் பொருத்தமானது. அதையே வைத்துக்கொண்டு அம்மாவின் இரண்டாவது கேள்விக்கு விடை சொல்ல முயல்கிறேன். சற்று நீண்டுவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

√10 ஐ அண்மிப்பதற்கு மிகப் பழைய வழி ஒன்று உண்டு. 3 என்று ஊகித்துக்கொள்ளுங்கள். 10 ஐ 3 ஆல் வகுத்தால் 10/3. ஊகம் சிறிதாக இருந்ததால் ஈவு பெரிதாக வந்திருக்கிறது. உண்மையான மூலம் இரண்டுக்கும் நடுவில் இருக்கும். எனவே இரண்டினதும் சராசரியை எடுங்கள்: 19/6. இப்போது 10 ஐ 19/6 ஆல் வகுத்தால் 60/19. மறுபடியும் சராசரி எடுத்தால் 721/228. தசமத்தில் 3.16228. இரண்டே படிகளில் ஐந்து தசமதானங்கள் சரியாக வந்துவிட்டன.

இந்த இடத்தில் பிள்ளையை நிறுத்தி, அந்தப் பின்னங்களைத் தசமமாக்காமல் அப்படியே சரிபார்க்கச் சொல்லுங்கள். 19 இன் வர்க்கம் 361. 6 இன் வர்க்கத்தின் பத்து மடங்கு 360. ஒன்றால் தவறிவிட்டது. 721 இன் வர்க்கம் 519841. 228 இன் வர்க்கத்தின் பத்து மடங்கு 519840. மறுபடியும் ஒன்றால் தவறிவிட்டது! எண்கள் இலட்சக்கணக்கில் வளர்ந்தபின்னும் அந்த ஒன்று விலக மறுக்கிறது. இதைத் தன் கையால் பெருக்கிக் கண்ட பிள்ளை, "இது எப்போதாவது பூச்சியமாகுமா?" என்று தானே கேட்கும். நிறுவலைச் சொல்லவேண்டிய வேளை அதுதான். கேள்வி பிறக்க முன்னர் நிறுவலைக் கொடுத்தால், கோண்டாவில் ஐயா அஞ்சுவதுபோல அது சுமையாகவே முடியும்.

நிறுவலுக்குத் தரம் 8 இல் படித்த காரணி முறையே போதும். ஓர் எண்ணை வர்க்கித்தால் அதன் முதன்மைக் காரணிகள் ஒவ்வொன்றும் இரட்டைத் தடவைகள் வரும். எடுத்துக்காட்டாக 12 இல் 2 இரண்டு தடவையும் 3 ஒரு தடவையும் உண்டு. 144 இல் 2 நான்கு தடவையும் 3 இரண்டு தடவையும் உண்டு. இப்போது √2 என்பது க/ச என்ற பின்னத்துக்குச் சமன் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் க இன் வர்க்கம், ச இன் வர்க்கத்தின் இரு மடங்குக்குச் சமனாக வேண்டும். இடப்பக்கத்தில் 2 என்ற காரணி எத்தனை தடவை இருக்கிறது? அது ஒரு வர்க்கம். ஆகவே இரட்டைத் தடவைகள். வலப்பக்கத்தில்? ச இன் வர்க்கத்தில் இரட்டைத் தடவைகள். அதோடு முன்னால் நிற்கும் ஒரு 2 சேர்ந்து ஒற்றைத் தடவைகள். ஓர் எண்ணின் முதன்மைக் காரணிகளை எந்த வழியில் பிரித்தாலும் ஒரே கூட்டந்தான் வரும் என்பதால், ஒரே எண்ணில் 2 என்ற காரணி ஒரு பக்கம் இரட்டையாகவும் மறு பக்கம் ஒற்றையாகவும் இருக்க முடியாது. எனவே அப்படிப்பட்ட பின்னம் இல்லை. √10 க்கும் இதே நிறுவல் ஒரு சொல்லும் மாறாமல் பொருந்தும், ஏனெனில் 10 இலும் ஒரேயொரு 2 தான் இருக்கிறது.

√2 ஐப் பின்னமாகப் பிடிக்க மனிதர் வெகுகாலமாக முயன்றிருக்கிறார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். கி.மு. 1800 க்கும் கி.மு. 1600 க்கும் இடைப்பட்ட காலத்துக்குரிய பபிலோனியக் களிமண் பலகை ஒன்று இன்று யேல் பல்கலைக்கழகத்தில் உள்ளது. அதில் ஒரு சதுரமும் அதன் மூலைவிட்டங்களும் கீறப்பட்டு, அறுபதின் அடியில் 1, 24, 51, 10 என்று எண்கள் பதியப்பட்டுள்ளன. அதாவது 1 உடன் 24/60 உம், 51/3600 உம், 10/216000 உம்; தசமத்தில் 1.41421 வரை சரியான பெறுமானம். வேள்விப் பீடங்களை அளந்து அமைக்கும் முறை கூறும் போதாயனர், 1 உடன் 1/3 ஐயும் 1/12 ஐயும் கூட்டி 1/408 ஐக் கழிக்கச் சொல்கிறார், அது 577/408. 577 இன் வர்க்கம் 332929. 408 இன் வர்க்கத்தின் இரு மடங்கு 332928. அங்கேயும் அதே ஒன்று நிற்கிறது.

பருத்தித்துறை உயர்தர மாணவி

சேர் சொன்ன நிறுவலோடு இன்னொரு விடயத்தையும் சேர்க்க விரும்புகிறேன். தசமம் முடியாமல் போவதுதான் விகிதமுறா எண்ணின் அடையாளம் என்று என்னோடு படித்த பலர் சாதாரண தரப் பரீட்சை வரையும் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியை காட்டிய கடைசி இலக்க விளக்கத்தை மட்டும் படித்துவிட்டு ஒரு தம்பியோ தங்கையோ அந்த முடிவுக்கு வந்துவிடக் கூடாது.

1/3 உம் 0.333... என்று முடியாமல் போகிறது. ஆனால் அது பின்னம். 1/7 ஐ நீள் வகுத்தலால் செய்து பாருங்கள். ஒவ்வொரு படியிலும் மீதியாக வரக்கூடியவை 1, 2, 3, 4, 5, 6 ஆகிய ஆறு எண்கள் மட்டுமே. எனவே ஏழாவது படிக்குள் ஏதோ ஒரு மீதி இரண்டாம் முறை வந்தே தீரும். அது வந்ததும் பழைய இலக்கங்கள் அதே ஒழுங்கில் மறுபடி வரும். அதனால்தான் 0.142857142857... என்று மீளுகிறது. எந்தப் பின்னத்துக்கும் இதே காரணம் பொருந்துவதால், பின்னத்தின் தசமம் ஒன்றில் முடியும், அல்லது மீளும். √2 பின்னமன்று என்று சேர் நிறுவிவிட்டபடியால், அதன் தசமம் முடிவதுமில்லை, மீளுவதுமில்லை.

கணிகருவித் திரையைப் பார்த்து இதைத் தீர்மானிக்க முடியாது என்பதையும் சொல்லவேண்டும். 1/17 இன் தசமம் 0.0588235294117647 என்று பதினாறு இலக்கங்கள் சென்ற பின்னரே மீளத் தொடங்குகிறது. பத்து இலக்கங்களைக் காட்டும் கருவியில் அதுவும் √2 போலவே ஒழுங்கற்றதாகத் தோன்றும்.

கொக்குவில் அம்மா

எல்லோருக்கும் மிக்க நன்றி. மகனை நடுப்புள்ளிச் சதுரத்தை வரைந்து மூலைகளை மடிக்கச் சொன்னேன். 721 இன் வர்க்கத்தையும் அவனே பெருக்கினான். இப்போது வேறு கேள்விகள் வந்துவிட்டன. π என்பது 22/7 என்று படித்தோம். அப்படியானால் π ஒரு பின்னம்தானே? √9 என்பது 3 ஆ, அல்லது 3 உம் −3 உமா? √2 ஐயும் √3 ஐயும் கூட்டினால் √5 வருமா?

கரவெட்டி ஆசிரியை

22/7 என்பது 3.142857... ; π என்பது 3.14159... மூன்றாவது தசமதானத்திலேயே இரண்டும் பிரிந்துவிடுகின்றன. 22/7 என்பது கணிப்பதற்கு வசதியாக எடுத்துக்கொண்ட ஓர் அண்ணளவுப் பெறுமானம். வினாவில் "π = 22/7 எனக் கொள்க" என்று எழுதப்பட்டிருப்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். π விகிதமுறா எண் என்பதை லாம்பேட் என்ற கணித அறிஞர் 1761 இல் நிறுவினார். அந்த நிறுவல் பள்ளிப்பிள்ளைக்கு எட்டாது, √2 இன் நிறுவல் எட்டும்.

√9 என்பது 3 மட்டுமே. வர்க்கித்தால் 9 வரும் எண்கள் எவை என்று கேட்டால் 3, −3 என்று இரண்டைச் சொல்லவேண்டும். √ குறியீடு அவற்றுள் மறையல்லாததை மட்டுமே குறிக்கிறது.

கூட்டலைப் பற்றிய கேள்விக்கு, தெரிந்த எண்களில் முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். √9 உடன் √16 ஐக் கூட்டினால் 7. √25 என்பதோ 5. ஆகவே அந்த விதி நிற்காது. பெருக்கலில் நிற்கும்: √9 ஐ √16 ஆல் பெருக்க 12, √144 உம் 12. இந்த வேறுபாட்டை இப்போதே உறுதிப்படுத்திவிட்டால், தரம் 11 இல் சேடுகளைச் சுருக்கும்போது √8 ஐ 2√2 என்று எழுதுவதில் அவனுக்கு எந்தக் குழப்பமும் வராது.

இன்னொரு செயற்பாட்டையும் சொல்கிறேன். என் வகுப்பில் பிள்ளைகள் மிகவும் விரும்பிச் செய்வது இது. இரண்டு பக்கங்களும் 1 அலகாக ஒரு செங்கோண முக்கோணி வரையுங்கள், செம்பக்கம் √2. அந்தச் செம்பக்கத்தின் நுனியில் செங்குத்தாக 1 அலகு வரைந்து இணைத்தால் புதிய செம்பக்கம் √3. அப்படியே தொடர்ந்தால் சங்குபோலச் சுருண்டு போகும் உருவத்தில் √17 வரை ஒன்றன்மேல் ஒன்று படாமல் வரையலாம். கவராயத்தால் ஒவ்வொரு செம்பக்கத்தையும் எடுத்து எண்கோட்டில் குறித்தால், √4 உம் √9 உம் √16 உம் 2, 3, 4 என்ற புள்ளிகளில் போய் விழும். மற்றவை அவற்றுக்கிடையில் தத்தமக்குரிய இடங்களில் விழும். எல்லாம் ஒரே கோட்டில் உள்ள எண்களே.

கோண்டாவில் தந்தை

கால் பேர்ச் கணக்கு என் கருத்தை மாற்றிவிட்டது. கடைசி வரி வரை √ குறியீட்டை வைத்திருக்கும் பழக்கம் வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். நிறுவலைப் பரீட்சை வினாவாக்காமல், விருப்பமுள்ள பிள்ளைக்குச் சொல்லும் விளக்கமாக வைத்தால் நல்லது என்பதில் மட்டும் என் நிலைப்பாடு மாறவில்லை.

சுன்னாகம் நில அளவையாளர்

சேரிடம் ஒரு கேள்வி. 272.25 இன் வர்க்கமூலம் 16.5 என்று சரியாக வருகிறது, 2722.5 க்கு வருவதில்லை. தசமப் புள்ளி ஓரிடம் நகர்ந்ததற்கே இவ்வளவு வேறுபாடு. இதைப் பிள்ளைகள் எளிதில் இனங்காண வழி உண்டா?

வட்டுக்கோட்டை ஓய்வுநிலை ஆசிரியர்

உண்டு, தம்பி. தசமத்தை எளிய வடிவிலுள்ள பின்னமாக்கி, தொகுதியையும் பகுதியையும் தனித்தனியே பார்க்கவேண்டும். 272.25 என்பது 1089/4. தொகுதி 33 இன் வர்க்கம், பகுதி 2 இன் வர்க்கம். எனவே மூலம் 33/2, அதாவது 16.5. மாறாக 2722.5 என்பது 5445/2. இரண்டும் நிறைவர்க்கங்கள் அல்ல. எளிய வடிவில் தொகுதி, பகுதி ஆகிய இரண்டும் நிறைவர்க்கமாக இருந்தால் மட்டுமே வர்க்கமூலம் விகிதமுறும் எண்ணாகும். ஒன்று தவறினாலும் அது விகிதமுறா எண்.

முழு எண்களுக்கும் இதிலிருந்து ஒரு முடிவு கிடைக்கிறது. முழு எண்ணாக இல்லாத ஒரு பின்னத்தை எளிய வடிவில் எழுதி வர்க்கித்தால், 3/2 என்பது 9/4 ஆவதுபோல, அது மறுபடியும் பின்னமாகவே இருக்கும். சுருக்குவதற்குப் பொதுக் காரணி புதிதாக எங்கிருந்தும் வராது. ஆகவே ஒரு முழு எண்ணின் வர்க்கமூலம் ஒன்றில் முழு எண்ணாக இருக்கும், அல்லது விகிதமுறா எண்ணாக இருக்கும். நடுவில் ஒரு பின்னமாக நிற்க அதற்கு இடமில்லை.

தசமப் புள்ளி பற்றிக் கேட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் விடைத்தாள்களில் நான் மிக அதிகமாகத் திருத்திய பிழை இதுதான்: √0.4 ஐ 0.2 என்று எழுதுவார்கள். 0.2 இன் வர்க்கம் 0.04. எனவே √0.04 தான் 0.2. 0.4 என்பதைப் பின்னமாக்கினால் 2/5. தொகுதியும் நிறைவர்க்கமன்று, பகுதியும் நிறைவர்க்கமன்று. √0.4 விகிதமுறா எண்; அதன் பெறுமானம் ஏறத்தாழ 0.632.